சுலா திராட்சைத் தோட்டம்

சுலா திராட்சைத் தோட்டம் (சுலா வைன்யார்ட்ஸ்) என்பது இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில், நாசிக் நகருக்கு அருகே கங்காபூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்துள்ள திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் ஆகும். இது ராஜீவ் சாமந்த் என்பவரால் 1990களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டது. பிரான்சைத் தாயகமாகக் கொண்ட சோவின்யோன் பிளாங், செனின் பிளாங் ஆகிய இரு வெள்ளைத் திராட்சை வகைகள் 1997 ஆம் ஆண்டில் இங்கு நடப்பட்டன. அவற்றிலிருந்து தயாரிக்கப்பட்ட முதல் ஒயின்கள் 2000 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன.

ஒரே தோட்டத்தின் வெள்ளைத் திராட்சையிலிருந்து இனிப்பற்ற ஒயின், இனிப்பு ஒயின் ஆகிய இரண்டையும் தயாரிப்பது பிரான்சின் சில பகுதிகளில் நீண்ட காலமாக இருந்து வரும் வழக்கம் ஆகும். அதற்குத் துணை செய்வது அந்நாட்டின் குளிர்ந்த இலையுதிர் காலம். அப்படி ஒரு பருவமே இல்லாத வெப்பநாட்டில் அதைச் செய்து காட்ட முயன்ற தோட்டம் என்ற வகையில் சுலா குறிப்பிடத்தக்கது.

பெயர்

நிறுவனரின் தாயார் பெயரான சுலபா என்பதன் சுருக்கமே சுலா ஆகும். மீசையுடன் கூடிய சூரியனின் முகம் இந்நிறுவனத்தின் சின்னமாக உள்ளது.

வரலாறு

பின்னணி

நாசிக் மாவட்டம் இந்தியாவில் உண்ணும் திராட்சை மிகுதியாக விளையும் பகுதிகளுள் ஒன்று. ஆனால் அங்கு விளைந்தவற்றில் பெரும்பகுதி தாம்சன் விதையில்லாத் திராட்சை போன்ற உண்ணும் வகைகளே. ஒயினுக்கென வளர்க்கப்படும் திராட்சை இவற்றிலிருந்து வேறுபட்டது. அதன் பழங்கள் சிறியவை, தோல் தடித்தது, விதை உள்ளது, சர்க்கரையும் அமிலமும் ஒருங்கே மிகுந்திருக்கும்.

சுலாவுக்கு முன்பே இந்தியாவில் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்துடன் ஒயின் தயாரிக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. 1980களில் மகாராட்டிரத்தின் நாராயண்காவில் ஷாட்டோ இண்டேஜ் நிறுவனம் நுரைக்கும் ஒயினைத் தயாரித்தது. கருநாடகத்தின் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் திராட்சைத் தோட்டம் அமைக்கப்பட்டது. பிரான்சின் சாம்பேன் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல், போர்தோ பகுதியைச் சேர்ந்த மிஷேல் ரோலான் ஆகிய வல்லுநர்கள் குரோவர் தோட்டத்துக்கு ஆலோசனை வழங்கினர்.

தொடக்கம்

ராஜீவ் சாமந்த் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியலும் தொழிலகப் பொறியியலும் பயின்றவர். கலிபோர்னியாவில் ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய பின் 1990களின் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். நாசிக் அருகே குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் முதலில் மா, உண்ணும் திராட்சை முதலியவற்றைப் பயிரிட்டார். நாசிக்கின் குளிர்காலம் ஒயின் திராட்சைக்கு ஏற்றதாக இருக்கக்கூடும் என்று கருதி, கலிபோர்னியாவின் சொனோமா பகுதியைச் சேர்ந்த ஒயின் வல்லுநர் கெர்ரி டாம்ஸ்கியின் உதவியை நாடினார்.

1997 இல் பிரான்சிலிருந்து பெறப்பட்ட சோவின்யோன் பிளாங் கொடிகளும் கலிபோர்னியாவிலிருந்து பெறப்பட்ட செனின் பிளாங் கொடிகளும் நடப்பட்டன. இவ்விரு வகைகளும் இந்தியாவில் பயிரிடப்பட்டது இதுவே முதன்முறை என்று நிறுவனம் கூறுகிறது. ஆலை 1999 இல் அமைக்கப்பட்டது. ஒயின் ஆலைக்குத் தேவையான அரசு அனுமதிகளைப் பெறுவதற்கே நீண்ட காலம் பிடித்தது.

வளர்ச்சி

2001 ஆம் ஆண்டில் மகாராட்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கான தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. இதன்படி மாநிலத்தில் தயாரிக்கப்படும் ஒயினுக்குப் பத்தாண்டுகளுக்கு ஆயத்தீர்வை விலக்கு அளிக்கப்பட்டது. உரிமம் பெறும் முறையும் எளிமையாக்கப்பட்டது. நாசிக் மாவட்டத்தின் விஞ்சூரிலும் சாங்லி மாவட்டத்தின் பலூசிலும் ஒயின் பூங்காக்கள் அமைக்கப்பட்டன. இதைத் தொடர்ந்து நாசிக் பகுதியில் பல புதிய ஆலைகள் தோன்றின.

சுலா தோட்டத்தில் 2005 இல் பார்வையாளர்கள் ஒயினைச் சுவைத்துப் பார்ப்பதற்கான கூடம் திறக்கப்பட்டது. 2008 முதல் சுலாபெஸ்ட் என்னும் இசைவிழா நடத்தப்பட்டது. பின்னர் தங்கும் விடுதிகளும் கட்டப்பட்டன. கருநாடகத்தில் பெங்களூர் – மைசூர் சாலையில் சன்னபட்டணம் அருகே தொமேன் சுலா என்ற கிளை ஆலையும் உள்ளது. காலப்போக்கில் நிறுவனத்தின் விற்பனை ஆண்டுக்குப் பத்து இலட்சம் பெட்டிகளைக் கடந்தது. இங்கு ஒரு பெட்டி என்பது 12 புட்டிகளைக் குறிக்கும். 2022 திசம்பரில் நிறுவனத்தின் பங்குகள் மும்பை, தேசிய பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்டன. ஏறத்தாழ 960 கோடி ரூபாய் மதிப்புள்ள இவ்வெளியீட்டில் புதிய பங்குகள் இடம்பெறவில்லை. ஏற்கனவே பங்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பங்குகளின் ஒரு பகுதியை விற்றனர்.

அமைவிடமும் தட்பவெப்பமும்

நாசிக் ஏறத்தாழ வடக்கு 20 பாகையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. செனின் பிளாங் திராட்சையின் தாயகமான பிரான்சின் லுவார் ஆற்றுப்படுகை வடக்கு 47 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. இரு இடங்களுக்கும் உள்ள வேறுபாடு வெப்பத்தின் அளவில் மட்டும் அமைந்ததன்று. பருவங்களின் வரிசையிலும் அமைந்துள்ளது.

பிரான்சில் குளிர்காலத்தில் கொடி இலைகளை உதிர்த்து உறங்குகிறது. வசந்த காலத்தில் துளிர்த்து, கோடையில் காய்த்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. தீபகற்ப இந்தியாவில் கொடியை உறங்கச் செய்யும் அளவுக்குக் குளிர் இல்லை. எனவே உழவர்கள் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து கொடியின் நாட்காட்டியைத் தாங்களே அமைக்கின்றனர்.

முதல் கவாத்து ஏப்ரல் மாதத்தில் செய்யப்படுகிறது. இதில் பழம் எடுக்கப்படுவதில்லை. அடுத்த பருவத்தில் காய்க்க வேண்டிய கிளைகளும் மொட்டுகளும் உருவாவதற்காக இது செய்யப்படுகிறது.

இரண்டாம் கவாத்து, மழைக்காலம் முடியும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யப்படுகிறது. இதிலிருந்து வரும் துளிர்களே காய்க்கின்றன. பழங்கள் பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு வரை பறிக்கப்படுகின்றன.

இதனால் பழம் வளரும் காலம் நாசிக்கின் குளிர்காலத்தோடு பொருந்துகிறது. இக்காலத்தில் பகல் வெயில் மிகுந்திருந்தாலும் இரவு வெப்பநிலை சில நாட்களில் 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குகிறது. பகல் வெயில் சர்க்கரையை வளர்க்கிறது; இரவுக் குளிர் பழத்தில் உள்ள அமிலம் விரைவாகக் குறையாமல் காக்கிறது.

ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு எஞ்சுகிறது. பிரான்சில் பழம் முதிர முதிர நாட்கள் குளிர்கின்றன. நாசிக்கில் பழம் முதிர முதிர நாட்கள் சூடாகின்றன. அங்கு அறுவடையைச் சில வாரங்கள் தள்ளிப்போட்டால் பழம் மெதுவாக முதிர்கிறது. இங்கு தள்ளிப்போட்டால் சர்க்கரை விரைந்து ஏறுவதோடு அமிலமும் விரைந்து குறைகிறது. பறிக்கும் நாளைத் தீர்மானிப்பதில் பிழைக்கு இடம் மிகக் குறைவு.

திராட்சை வகைகள்

சோவின்யோன் பிளாங்

லுவார், போர்தோ பகுதிகளில் பெருமளவில் வளரும் வெள்ளைத் திராட்சை. பச்சைப் புல், பச்சை மிளகாய், கொய்யா ஆகியவற்றை நினைவூட்டும் மணம் இதன் அடையாளம். வெப்பம் மிகும்போது இம்மணம் விரைவாக மங்கிவிடும். ஆதலால் இது பொதுவாகக் காலந்தாழ்த்தாமல் பறிக்கப்பட்டு, இனிப்பற்ற ஒயினாகத் தயாரிக்கப்படுகிறது.

செனின் பிளாங்

லுவார் பகுதியின் முதன்மையான வெள்ளைத் திராட்சை. இயல்பிலேயே அமிலம் மிகுந்தது. இப்பண்பே இதன் பல பயன்களுக்கும் காரணம். லுவாரில் இந்த ஒரே திராட்சையிலிருந்து சாவெனியேர் பகுதியில் இனிப்பற்ற ஒயினும், கோத்தோ டு லையோன் பகுதியில் மிக இனிப்பான ஒயினும், வூவ்ரே பகுதியில் ஆண்டின் வானிலையைப் பொறுத்து இரு வகைகளும் தயாரிக்கப்படுகின்றன. தென்னாப்பிரிக்காவில் இது ஸ்டீன் என்ற பெயரில் பரவலாக வளர்க்கப்படுகிறது. வெப்பத்தில் அமிலத்தின் ஒரு பகுதி குறைந்தாலும் போதிய அளவு எஞ்சுவதால் நாசிக் போன்ற இடத்துக்கு இது ஏற்றதாக அமைந்தது.

இவையன்றி ரீஸ்லிங், வியோனியே ஆகிய வெள்ளை வகைகளும், ஷிராஸ், சின்பாண்டல் முதலிய கறுப்பு வகைகளும் பின்னர் சேர்க்கப்பட்டன.

உலர் ஒயினும் இனிப்பு ஒயினும்

ஒயினைக் குறிக்கும்போது உலர் என்ற சொல் ஈரமின்மையைக் குறிப்பதில்லை, இனிப்பின்மையைக் குறிக்கிறது. பதநீரும் கள்ளும் ஒரே பனஞ்சாற்றிலிருந்து கிடைப்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுச் சாறு இனிப்பாகவே இருக்கிறது. தடவாவிட்டால் நொதிகள் சர்க்கரையை உண்டு ஆல்ககாலாக மாற்றுகின்றன, இனிப்பு குறைகிறது. திராட்சைச் சாற்றிலும் இதுவே நிகழ்கிறது. சர்க்கரை முழுதும் தீரும் வரை நொதிக்க விட்டால் கிடைப்பது உலர் ஒயின். ஒரு பகுதி எஞ்சும்போதே நொதித்தல் நின்றுவிட்டால் கிடைப்பது இனிப்பு ஒயின்.

ஒரு லிட்டர் சாற்றில் உள்ள ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒயினில் 1 விழுக்காடு ஆல்ககால் உண்டாகும். இதைக் கொண்டு பின்வருமாறு கணக்கிடலாம்.

எடுத்துக்காட்டு 1: லிட்டருக்கு 204 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுதும் நொதித்தால் 12 விழுக்காடு ஆல்ககால் உள்ள உலர் ஒயின் கிடைக்கும்.

எடுத்துக்காட்டு 2: லிட்டருக்கு 300 கிராம் சர்க்கரை உள்ள சாற்றில் 12 விழுக்காடு ஆல்ககால் உண்டானதும் நொதித்தலை நிறுத்தினால், 204 கிராம் சர்க்கரை செலவாகி 96 கிராம் எஞ்சும். இது மிக இனிப்பான ஒயின் ஆகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரையறைப்படி, பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்கு மேற்படாத சர்க்கரை உள்ள ஒயின் உலர் ஒயின் எனப்படும். அமிலம் போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. 45 கிராம் அல்லது அதற்கு மேல் உள்ளது இனிப்பு ஒயின் எனப்படும். இடைப்பட்டவை அரை உலர், அரை இனிப்பு என வகைப்படுத்தப்படும்.

இனிப்பு ஒயினில் அமிலத்தின் பங்கு முதன்மையானது. அமிலம் குறைந்தால் அது வெறும் சர்க்கரைப் பாகு போலத் திகட்டும். எலுமிச்சைச் சாறு சேராத சர்க்கரைத் தண்ணீரை இதற்கு ஒப்பிடலாம்.

பிரெஞ்சு முறை

இரண்டாம் எடுத்துக்காட்டில் கண்டது போன்ற சர்க்கரைச் செறிவைப் பெற, பழத்தில் உள்ள நீரைக் குறைக்க வேண்டும். போர்தோவுக்கு அருகில் உள்ள சோத்தேர்ன் பகுதியில் இலையுதிர் காலக் காலைகளில் ஆற்றிலிருந்து மூடுபனி எழுகிறது. பிற்பகலில் வெயில் அடிக்கிறது. இச்சூழலில் போத்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை பழத்தோலைத் துளைக்கிறது. அதன் வழியே நீர் ஆவியாகிப் பழம் சுருங்குகிறது. தோட்டத்துக்கு இழப்பை ஏற்படுத்த வேண்டிய இப்பூஞ்சை இங்கு நன்மை பயப்பதால் இது உயர்குல அழுகல் என்று பிரெஞ்சு மொழியில் அழைக்கப்படுகிறது. எல்லாப் பழங்களும் ஒரே நேரத்தில் சுருங்காததால் தொழிலாளர்கள் அதே கொடிக்குப் பலமுறை திரும்பி வந்து பறிக்கின்றனர். இனிப்பு ஒயினுக்குப் புகழ்பெற்ற ஷாட்டோ திக்கெம் தோட்டம் 1959 ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து இக்ரெக் என்ற பெயரில் உலர் வெள்ளை ஒயினையும் தயாரித்து வருகிறது.

நாசிக் முறை

நாசிக்கின் அறுவடைக் காலம் வறண்டது. பூஞ்சைக்கு வேண்டிய மூடுபனியை அங்கு நம்பியிருக்க இயலாது. எனவே செனின் பிளாங் பழங்களின் ஒரு பகுதி வழக்கமான அறுவடையின்போது பறிக்கப்படாமல் கொடியிலேயே விடப்படுகிறது. வறண்ட காற்றிலும் ஏறுவெயிலிலும் பழங்கள் வற்றுகின்றன, சர்க்கரை செறிகிறது. இவ்வாறு காலந்தாழ்த்திப் பறித்த பழங்களிலிருந்து தயாரிக்கப்படும் ஒயின் பின்னறுவடை செனின் பிளாங் என்ற வகையில் விற்கப்படுகிறது.

இம்முறையில் விளைச்சல் குறைவு. வற்றிய பழத்திலிருந்து சிறிதளவு சாறே கிடைக்கும். கொடியில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு வாரமும் பறவைகள், பருவம் தவறிய மழை, ஆலங்கட்டி ஆகியவற்றால் பழம் அழியும் வாய்ப்பு உள்ளது. 2014 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மகாராட்டிரத்தில் பெய்த ஆலங்கட்டி மழை திராட்சை உள்ளிட்ட பயிர்களுக்குப் பெருஞ்சேதத்தை விளைவித்தது. இக்காரணங்களால் இனிப்பு ஒயின் 375 மில்லிலிட்டர் கொண்ட அரைப் புட்டியில் விற்கப்படுகிறது.

தயாரிப்பு முறை

வெள்ளை ஒயின் தயாரிப்பின் படிகள் பின்வருமாறு:

1. பழங்கள் கையால் பறிக்கப்படுகின்றன. வெப்பம் ஏறுமுன் பறித்து விரைவாக ஆலைக்குக் கொண்டுசெல்வது வெப்பநாடுகளில் இன்றியமையாதது.
2. காம்புகள் நீக்கப்பட்டுப் பழங்கள் பிழியப்படுகின்றன. சிவப்பு ஒயினைப் போலன்றி, தோல் உடனடியாகப் பிரிக்கப்படுகிறது.
3. தெளிந்த சாறு, குளிரூட்டப்பட்ட எவர்சில்வர் கலன்களில் ஈஸ்டுடன் நொதிக்க விடப்படுகிறது. நொதித்தல் வெப்பத்தை வெளியிடும் வினை ஆகும். குளிரூட்டாவிட்டால் மணம் தரும் பொருட்கள் ஆவியாகிவிடும்.
4. இனிப்பு எஞ்ச வேண்டுமெனில், சாற்றை மேலும் குளிரவைத்தும், சிறிதளவு கந்தக ஈராக்சைடு சேர்த்தும், ஈஸ்டை வடிகட்டியும் நொதித்தல் நிறுத்தப்படுகிறது.
5. தெளியவைத்து, மீண்டும் வடிகட்டிப் புட்டிகளில் அடைக்கப்படுகிறது.

சுலாவின் வெள்ளை ஒயின்களுள் சோவின்யோன் பிளாங் உலர் வகையாகவும், செனின் பிளாங் சற்று இனிப்பு எஞ்சிய வகையாகவும், பின்னறுவடை செனின் பிளாங் இனிப்பு வகையாகவும் தயாரிக்கப்படுகின்றன. சற்றே இனிப்பான ஒயின் காரமான இந்திய உணவுடன் பொருந்துவதாகக் கருதப்படுகிறது.

உழவர்களும் ஒயினும்

சுலாவுக்குத் தேவையான திராட்சையின் பெரும்பகுதி ஒப்பந்த அடிப்படையில் சுற்றுவட்டார உழவர்களிடமிருந்து பெறப்படுகிறது. உண்ணும் திராட்சையின் விலை சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது. ஒயின் திராட்சைக்கு விலை முன்கூட்டியே பேசப்படுவதால் உழவருக்கு ஓரளவு உறுதி கிடைக்கிறது. ஆனால் ஒயின் திராட்சையை வாங்க ஆலையைத் தவிர வேறு ஆள் இல்லை. புளிப்பும் விதையும் மிகுந்த அப்பழத்தைக் கூடையில் வைத்துச் சந்தையில் விற்க முடியாது. கொடியை நட்டுக் காய்ப்புக்குக் கொண்டுவர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆவதால் பயிரை எளிதில் மாற்றவும் இயலாது.

இதன் விளைவு 2009 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. 2008 இன் உலகப் பொருளியல் நெருக்கடியும், அவ்வாண்டு நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பின் சுற்றுலா குறைந்ததும் ஒயின் விற்பனையைப் பாதித்தன. அரசின் ஊக்குவிப்பால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் பரப்பளவு பெருகியிருந்ததால் திராட்சை மிகுந்து தேங்கியது. பல சிறு ஆலைகள் மூடப்பட்டன. வாங்குவாரற்ற உழவர்கள் பலர் ஒயின் கொடிகளை வெட்டிவிட்டு மீண்டும் உண்ணும் திராட்சைக்கு மாறினர். சுலா உள்ளிட்ட சில நிறுவனங்களே இந்நெருக்கடியைத் தாண்டி வளர்ந்தன. 2022 ஆம் ஆண்டுப் பங்கு வெளியீட்டின்போது இந்தியத் திராட்சை ஒயின் சந்தையில் பாதிக்கு மேற்பட்ட பங்கைச் சுலா கொண்டிருந்தது. வாங்குவோர் சிலராகச் சுருங்கும்போது உழவரின் பேரம்பேசும் வலிமை குறைகிறது என்பதும் இதனுடன் சேர்த்து நோக்கத்தக்கது.

சட்டமும் வரியும்

இந்திய அரசியலமைப்பின்படி மது மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே ஒவ்வொரு மாநிலத்திலும் தனி உரிமமும் தனி வரியும் தேவைப்படுகின்றன. அருந்தும் மது சரக்கு சேவை வரிக்குள் கொண்டுவரப்படவில்லை. ஒரு மாநிலத்து ஒயின் அடுத்த மாநிலத்தில் ஏறத்தாழ அயல்நாட்டுப் பொருளைப் போலவே நடத்தப்படுகிறது.

2022 சனவரியில் பேரங்காடிகளிலும் ஒயினை விற்க மகாராட்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. திராட்சை உழவர்களுக்கு இது உதவும் என்று அரசு கூறியது. அண்ணா அசாரே உள்ளிட்டோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அம்முடிவு நடைமுறைக்கு வரவில்லை.

இறக்குமதி ஒயினுக்கு 150 விழுக்காடு சுங்கவரி விதிக்கப்பட்டு வந்தது உள்நாட்டு ஆலைகளுக்குப் பாதுகாப்பாக இருந்தது. 2022 திசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய – ஆத்திரேலிய வணிக ஒப்பந்தம், குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட ஆத்திரேலிய ஒயின்களுக்கு இவ்வரியைப் படிப்படியாகக் குறைக்க வகை செய்கிறது.

விமர்சனங்கள்

ஒயின் திராட்சைச் சாறு போன்ற வேளாண் பொருள் என்றும், அதைப் பிற மதுவகைகளுடன் சேர்த்து எண்ணக்கூடாது என்றும் தொழில்துறையினர் வாதிடுகின்றனர். ஆல்ககால் எந்த வடிவில் இருந்தாலும் ஆல்ககாலே என்று மதுவிலக்கு ஆதரவாளர்கள் மறுக்கின்றனர். ஆல்ககாலில் உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 சனவரியில் அறிவித்தது. மழை குறைந்த ஆண்டுகளில் திராட்சைப் பாசனத்துக்குச் செலவாகும் நீர் குறித்தும் மகாராட்டிரத்தில் விவாதங்கள் நடந்துள்ளன. சொட்டுநீர்ப் பாசனம் அங்கு பரவலாகக் கையாளப்படுகிறது.

தமிழ்நாட்டுடன் ஒப்பீடு

தமிழர்களுக்கு ஒயின் முற்றிலும் புதியதன்று. யவனர் கொண்டுவந்த மது பற்றிய குறிப்பு புறநானூற்றின் 56 ஆம் பாடலில் உள்ளது. புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டில் நடுநிலக்கடல் நாடுகளிலிருந்து ஒயின் கொண்டுவரப் பயன்பட்ட ஆம்போரா சாடிகளின் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டின் முதன்மையான திராட்சைப் பகுதி தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு ஆகும். அங்கு விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் கறுப்பு வகையைச் சேர்ந்தது. இது 1832 இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்துக்கு அறிமுகப்படுத்தப்பட்டதாகக் கூறப்படுகிறது. 2023 இல் கம்பம் பன்னீர் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது.

கம்பத்தில் குளிர் மிகக் குறைவு என்பதால் கவாத்து செய்யும் நாளை மாற்றி ஆண்டு முழுதும் திராட்சை பறிக்க முடிகிறது. உண்ணும் பழச் சந்தைக்கு இது பெரும் நன்மை. நாசிக்கில் ஒயினுக்கு உதவும் நீண்ட குளிர்ந்த இரவுகள் அங்கு இல்லை. ஆண்டுக்கு ஒரே அறுவடை என்று கொடியைக் கட்டுப்படுத்தி, விளைச்சலைக் குறைத்துச் சுவையைக் கூட்டுவது நாசிக் ஒயின் தோட்டத்தின் வழி. இயன்ற அளவு பலமுறை விளைவிப்பது கம்பத்தின் வழி. இரு இடங்களிலும் கொடியும் கத்தரியும் ஒன்றே; பழம் யாருக்காக விளைகிறது என்பதைப் பொறுத்தே நாட்காட்டி மாறுகிறது.

இவற்றையும் பார்க்க

திராட்சை
ஒயின்
நொதித்தல்
நாசிக்
பன்னீர் திராட்சை
அரிக்கமேடு